நாற்பதுக்கு மேல் வேலை தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: தருமபுரி ஜெராக்ஸ் கடையிலிருந்து

தருமபுரி நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் மூன்றும் செய்யும் சிறிய கடை என்னுடையது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாலையில் பட்டா, வில்லங்கம் என்று கூட்டம் இருக்கும். பதினொரு மணி வாக்கில் கடை ஓய்ந்த பிறகு வேறு சிலர் வருவார்கள். வாசலில் கொஞ்சம் நின்று, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஒரு பயோடேட்டா அடிக்க வேண்டும்" என்பார்கள். குரல் தணிந்திருக்கும். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.

அவர்கள் கேட்பதும் நான் சொல்வதுமே கீழே இருப்பவை. நான் அதிகாரியோ ஆலோசகரோ இல்லை. நாற்பத்திரண்டு வயதில் மறுபடி வேலைக்குப் போனவள். அதோடு, இந்த ஒன்பது வருடத்தில் சில நூறு பயோடேட்டாக்களை அடித்தவள்.

எங்கே பார்த்தாலும் "வயது 18 முதல் 28 வரை" என்றுதான் விளம்பரம். எனக்கு 44. என்னை யார் எடுப்பார்கள்?

பஸ் நிலையத் தூண்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைத்தானே சொல்கிறீர்கள்? அது உங்களுக்கானது இல்லை, விட்டுவிடுங்கள். மூன்று ஷிப்டிலும் நின்றுகொண்டே வேலை செய்யும் அசெம்பிளி வரிசைக்கு, காண்ட்ராக்டர் மூலமாக ஆள் எடுக்கிற நோட்டீஸ் அது. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சில மாதங்களில் விலகிவிடுவார்கள், மறுபடி அதே தூணில் புது நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க ஆலைகள் பெருகிவிட்டன. ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்களை எடுக்கிறார்கள். வரிசையில் நிற்க 20 வயதுப் பெண் வேண்டும், சரி. அந்தப் பெண்கள் தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்ள 20 வயதுப் பெண் போதுமா? வார்டன் வேண்டும், கேன்டீனுக்குச் சமையல் மேற்பார்வை வேண்டும், ஷிப்ட் பஸ்ஸை ராத்திரி இரண்டு மணிக்கு நிதானமாக ஓட்டுகிற டிரைவர் வேண்டும். ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், எடைமேடை, பராமரிப்பு எலக்ட்ரீஷியன், பாய்லர் ஆபரேட்டர் ஆகியவையும் இப்படித்தான். இந்த வேலைகளுக்குத் தூணில் நோட்டீஸ் ஒட்ட மாட்டார்கள். உள்ளே இருக்கிற யாராவது "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லி நிரம்பிவிடும்.

காவேரிப்பட்டணம், பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கு மே மாதம் தொடங்கிச் சில மாதங்கள்தான் சீசன். பெங்களூரா மாம்பழ லோடு வரிசை கட்டி நிற்கும்போது எடை போட, கணக்கு எழுத, பழம் தரம் பார்க்க ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள். "சீசன் வேலைதானே" என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு சீசனில் ஒழுங்காக இருந்தவரை அடுத்த சீசனுக்கு அவர்களே போன் செய்து கூப்பிடுவார்கள். ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

பயோடேட்டாவில் என்ன எழுத வேண்டும்?

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். 46 வயது. ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் 19 வருடம். ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஒரே நாளில் முப்பது பேரை அனுப்பியதில் இவரும் ஒருவர். கையில் பழைய பயோடேட்டா வைத்திருந்தார். தந்தை பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. இவையெல்லாம் முக்கால் பக்கம். கடைசியில் ஒரே வரி: "அனுபவம்: தனியார் கம்பெனி, 19 வருடம்."

பொழுதுபோக்குக்கும் 19 வருடத்துக்கும் ஆளுக்கு ஒரு வரி.

"என்ன மெஷின் அண்ணா ஓட்டினீர்கள்?" என்று கேட்டேன். "சி.என்.சி." என்றார், கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் மெஷின். ஓட்டியது மட்டுமா, செட்டிங்கும் செய்வீர்களா? "செட்டிங், டூல் ஆஃப்செட் எல்லாம் நானேதான்." டிராயிங் படிப்பீர்களா? "அது தெரியாமல் எப்படி?" மைக்ரோமீட்டர், போர் கேஜ் வைத்து அளப்பீர்களா? சிரித்துவிட்டார். உங்களுக்குக் கீழே எத்தனை பேர்? ஷிப்டுக்குப் பதினான்கு. அதில் வடமாநிலப் பையன்கள்? ஒன்பது பேர். அவர்களோடு எந்த மொழியில் பேசுவீர்கள்? "இந்திதான். அதெல்லாம் எழுத வேண்டுமா?"

இதைத்தான் எழுத வேண்டும். நமக்குப் பழகிப்போன வேலை நம் கண்ணுக்கு வேலையாகவே தெரிவதில்லை. உங்கள் கையிலிருக்கும் வேலை, உங்களை எடுக்கப்போகிறவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

"ரிஜெக்ஷன் குறைந்தது", அதாவது தரமில்லாமல் கழியும் பீஸ் குறைந்தது என்றும் சொன்னார். எவ்வளவு என்று கேட்டதற்கு, கொஞ்சம் என்றார். "கொஞ்சம்" என்று அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு பாக்கெட் டைரியோடு வந்தார். அட்டையில் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. உள்ளே தேதிவாரியாக எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை கழிந்தது என்று பென்சிலில் குறித்திருந்தார். யாரும் கேட்காமலே எழுதி வைத்த கணக்கு. அதிலிருந்து இரண்டு வரி எடுத்தோம். மதத்தையும் பாட்டையும் நீக்கினோம். ஒன்றரைப் பக்கம் வந்தது.

அதைப் பெரிய ஆலை வாசலில் கொடுக்க வேண்டாம், பத்து மெஷின் வைத்திருக்கும் பட்டறைகளில் முதலாளி கையில் கொடுங்கள் என்றேன். பெரிய ஆலையில் முதலில் வயதுக் கட்டத்தைப் பார்ப்பார்கள். சிறு பட்டறை முதலாளிக்கோ, நேற்று செட்டர் வராததால் இன்று நிற்கும் மெஷின்தான் கவலை. ஓசூர் சிப்காட்டில் ஏழு பட்டறை ஏறி இறங்கினார். ஏழாவதில் அன்றைக்கே ஒரு பீஸ் ஓட்டிக் காட்டச் சொன்னார்களாம். சம்பளம் பழைய இடத்தைவிட நாலாயிரம் குறைவு. சேர்ந்துவிட்டார்.

வயதைக் குறைத்துப் போடலாமா?

ஆதாரில் இருக்கிறது, பி.எஃப். கணக்கில் இருக்கிறது. இரண்டிலும் பிறந்த தேதி ஒத்துப்போகாவிட்டால் உங்கள் பணத்தை எடுக்கவே நீங்கள் அலைய வேண்டிவரும். தலைக்குச் சாயம் அடித்துக்கொள்வது உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிடுவதில்லை.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டேன். "இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால்?

என்னையும் கேட்டார்கள். பி.காம்., தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர். பாலக்கோட்டில் ஒரு அலுவலகத்தில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். பிறகு திருமணம், இரண்டு குழந்தைகள், படுத்த படுக்கையாக இருந்த மாமியார். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. 42 வயதில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனபோது இந்தக் கேள்வி வந்தது. "வீட்டில் சும்மாதான் இருந்தேன்" என்றேன்.

சும்மா! மாமியாருக்கு மூன்று வேளை மருந்து, இன்சுலின், மாதச் செலவுக் கணக்கு, அதற்கு மேல் மகளிர் சுய உதவிக் குழுவில் ஆறு வருடம் பிரதிநிதி. பதினைந்து பேரின் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் என் நோட்டில்தான். ஒரு தவணை தவறியதில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை, அந்த வேலையும் கிடைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில்தான் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

குழுக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழு, தையல், டியூஷன், வீட்டு மாட்டுக்கு ஊற்றிய பால் கணக்கு என்று எதுவாக இருந்தாலும் எத்தனை வருடம், எத்தனை பேர், எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். பிறகு கையைத் தீட்டிக்கொள்ளுங்கள். நான் இதே கடையில், அப்போதிருந்த உரிமையாளரிடம், பாதிச் சம்பளத்துக்கு ஆறு மாதம் உட்கார்ந்தேன். எனக்கு டைப்ரைட்டர் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. பையன்களே "மேடம், அங்கே அழுத்துங்கள்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். உரிமையாளர் தன் மகனோடு பெங்களூர் போனபோது கடையை எடுத்துக்கொண்டேன்.

சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. பக்கத்து ஊரில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் சம்பளம் என்றாலும் இப்போது கணக்கு இடிக்காது. வேலை தேடும்போது அந்த பஸ் ஓடும் தடத்தை முதலில் பாருங்கள்.

வேலை போய்விட்டது. பி.எஃப். பணத்தை முழுவதும் எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அதில் இரண்டு பை இருக்கிறது. ஒன்று நீங்களும் நிறுவனமும் சேர்த்த சேமிப்பு. இன்னொன்று நிறுவனம் கட்டியதிலிருந்து பிரித்து வைத்த ஓய்வூதியம். பத்து வருட சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. எட்டு வருடத்தில் விலகியவர்கள் ஓய்வூதியப் பையையும் வழித்து எடுத்துவிட்டு, அடுத்த இடத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். எடுக்காமல், எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான யூ.ஏ.என்.னைப் புது இடத்தில் கொடுத்தால் பழைய எட்டும் புதிய இரண்டும் சேர்ந்து பத்தாகிவிடும். இடையில் சில வருடம் வேலையில்லாமல் இருந்தாலும் பழைய சேவை அழியாது.

கணக்கு எளிது: சராசரி ஊதியத்தை (உச்சவரம்பு 15,000) சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாயும் 19 வருடமும் என்றால் மாதம் 4,071 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மகனிடம் கை நீட்டாமல் மாத்திரை வாங்கலாம். 50 வயதிலிருந்தே வாங்கவும் வழியுண்டு, 58க்கு எத்தனை வருடம் முந்துகிறீர்களோ, வருடத்துக்கு 4 சதவீதம் குறைப்பார்கள்.

பலர் கேட்க மறப்பது பணிக்கொடை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 14,000 என்றால், 19 வருடத்துக்கு 1,53,461 ரூபாய். காரிமங்கலத்துக்காரருக்குச் சம்பளப் பாக்கியை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். எழுத்தில் விண்ணப்பம் அடித்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். பணம் வந்தது. வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

இனிமேல் அரசுத் தேர்வு எழுத முடியுமா?

முடியும் என்பது பலருக்குத் தெரியவில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்குப் பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி. அதற்கு மேல் படித்த பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கும், எந்தச் சாதியாக இருந்தாலும் ஆதரவற்ற விதவைகளுக்கும் உச்ச வயது வரம்பு இல்லை. 60 முடியாமல் இருந்தால் போதும். கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைப் பதவிகளுக்குத் தனி வரம்பு இருக்கிறது, அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

200 கேள்விகளில் 100 தமிழ். பள்ளிப் புத்தகத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கிற அம்மாக்களுக்கு இது சாதகம் என்பது என் எண்ணம். ஆனால் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி மையத்தில் மூன்று வருடம் உட்காருவதை 45 வயதில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே விடியற்காலையில் படியுங்கள்.

1998இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தது. இன்னும் உயிரோடு இருக்குமா?

மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்திருந்தால் இருக்கும். இல்லையென்றால் புதிதாகப் பதியுங்கள். அங்கிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்தான் இப்போது பயன். ஒரே கூரைக்குள் பல நிறுவனங்களிடம் முகத்தைக் காட்டலாம். மதியத்துக்கு மேல் போனால் மேசையைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வயதில் ஐ.டி.ஐ.யில் சேர முடியுமா?

ஆண்களுக்கு 40 வரை, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. கடகத்தூரில் இருக்கிறது, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. வெல்டர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் போன்றவை ஒரு வருடப் படிப்பு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஒரு வருடம் முடியாது என்றால் கிராமப்புற சுயவேலைவாய்ப்புக்காக வங்கிகள் நடத்தும் பயிற்சி நிலையத்தில் சில வாரப் பயிற்சி இலவசம், சாப்பாடும் போடுவார்கள்.

ஓசூர் போவதா, பெங்களூரா, ஊரிலேயே ஏதாவது பார்ப்பதா?

தாளும் பேனாவும் எடுங்கள். ஒருவர் ஓசூரில் 17,000 சம்பளம் என்று சந்தோஷமாக வந்தார். அறைப் பங்கு 2,500, மெஸ் 4,500, வாராவாரம் ஊருக்கு வந்துபோக 1,200. வீட்டுக்கு வருவது 8,800. தருமபுரியில் 11,000க்கு ஒரு குடோன் வேலை இருந்தது, வீட்டுச் சாப்பாடு. ஆனால் அந்தக் குடோனில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. இ.எஸ்.ஐ. அட்டை குடும்பத்துக்கே மருத்துவம் பார்க்கும் என்பதால் ஓசூருக்கே போகச் சொன்னேன். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால்தான் இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டைக்காரர்களுக்கு ஓசூர், பெங்களூர் ரயில் தடம் இருக்கிறது, சீசன் டிக்கெட் எடுக்கலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. மாவட்டத் தலைநகரம், இரண்டு பெரிய தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் இடம், ஆனாலும் பஸ்தான்! ஆகவே நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் "கம்பெனி பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வருமா?" என்று கேளுங்கள்.

செட்டில்மென்ட் பணம் வந்திருக்கிறது. ஓட்டல் வைக்கலாமா?

இதற்கு முன் ஓட்டலில் வேலை பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஆறு மாதம் யாரிடமாவது கல்லாவில் நில்லுங்கள். மொத்தப் பணத்தையும் முன்பணம், பலகை, பாத்திரம் என்று போட்டு, எட்டு மாதத்தில் பாத்திரத்தை எடைக்குப் போட்டவரின் விளம்பர நோட்டீஸை அடித்துக் கொடுத்தவள் நான்.

கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உச்ச வயது இல்லை. உற்பத்திக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம், கிராமப்புறத்தில் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம். கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது முடிந்தவர்களுக்கே: தையல், மரவேலை போன்ற தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். மானியத்துக்காகத் தொழில் தேடாதீர்கள், தெரிந்த தொழிலுக்கு மானியம் தேடுங்கள்.

வெளிநாட்டு வேலை, முன்பணம் ஒன்றரை லட்சம் என்கிறார்கள்.

வேண்டாம். அரசு அங்கீகரித்த முகவர்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, அங்கே விசாரியுங்கள். உள்ளூர் வேலைக்குச் "சீருடைக்கு இரண்டாயிரம், பதிவுக்கு ஐந்நூறு" என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே இணையவழி மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். மறுநாள் வரை யோசித்தால் பணம் கைமாறிவிடும்.

நேர்காணல் எடுத்த பையனுக்கு என் மகன் வயது. "அங்கிள்" என்று கூப்பிட்டான். கூசிவிட்டது.

அவனுக்கும் கூசியிருக்கும். நீங்கள் "சார்" என்று கூப்பிட்டுவிட்டால் இருவருக்கும் சுலபம். "எங்கள் காலத்தில்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

வேலை போனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

போன வருடம் ஒருவர் தினமும் பத்தரைக்கு வந்து என் கடை பெஞ்சில் உட்காருவார். செய்தித்தாள் படிப்பார், ஒரு மணிக்கு டிபன் கேரியரைத் திறந்து சாப்பிடுவார், ஐந்தரைக்குக் கிளம்புவார். கிரானைட் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். பதினோரு நாள் இப்படி. நான் எதுவும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு அம்மா குடும்ப அட்டை நகல் எடுக்க வந்தார். பெஞ்சில் உட்காருகிறவர் அப்போது டீ குடிக்க வெளியே போயிருந்தார். கேரியர் பெஞ்சின் மேல் இருந்தது, பச்சைத் துணியில் முடிச்சுப் போட்டு. அந்த அம்மா முடிச்சையே பார்த்தார். அந்த அம்மாவே போட்ட முடிச்சு. பிறகு கேரியரை வெயில் படாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, "சாம்பார் ஊசிப்போகும். அவரிடம் சொல்லுங்கள்" என்றார். நகலை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் இருவருமாக வந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் பயோடேட்டா அடித்தேன். முடியும்போது அந்த அம்மா திரையை எட்டிப் பார்த்து, "இவருக்குத் தெலுங்கு நன்றாக வரும். ஆந்திராவிலுள்ள குப்பம் ஊரிலிருந்து வரும் கல் லாரிக்காரர்களோடு இவர்தான் பேசுவார். அது எங்கே?" என்று கேட்டார்.

அவர் சொல்ல மறந்திருந்தார். சேர்த்து அடித்தேன்.